மீட்டரைப் பார்க்காமல் எழுதிய எண்

ஏழுமலையின் கை வெந்தது என்னால்தான். இதை எழுத நான்கு வருடம் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், அம்மன் படத்தைப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன்...

தேர்வாய் கண்டிகையில் ஒரு சிறிய கம்பெனி. நான் அங்கே எலக்ட்ரீசியன், பத்தாவது படித்தவன். ஏழுமலை என்னோடு வேலை பார்த்தவன், இரண்டு பெண்களுக்குத் தகப்பன்.

மெயின் பிரேக்கரையும் கேபிளையும் மாற்ற வேண்டும் என்றார் முதலாளி. மாதத்தில் ஒரே நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு கரண்ட் இழுத்தது என்பதை ஈ.பி. மீட்டர் காட்டும். பன்னிரண்டு மாதம் அதைக் குறித்து, இருப்பதில் பெரிய எண்ணோடு கால் பங்கு கூட்டி, அதற்கேற்ப வாங்க வேண்டும்.

பதினோரு மாதம் ஒழுங்காகக் குறித்தேன். பன்னிரண்டாவது மாதம், கத்திரி வெயிலில், எங்கள் ஊரில் தீமிதி. நான் காப்புக் கட்டியிருந்தேன்; கட்டியவன் ஊர் எல்லை தாண்டக் கூடாது. நான் திரும்புவதற்குள் ஈ.பி. ஆள் வந்து மீட்டரைப் புது மாதத்துக்கு மாற்றிவிட்டுப் போயிருந்தார்; பழைய எண் அழிந்துவிட்டது.

அந்த எண் பில்லில் இருக்கும்; ஆபீஸில் கேட்டிருக்கலாம். ஆனால் கிளார்க் அன்று காலையே சிரித்தார்: "இன்னா சாமியாரே, ரீடிங்க அம்மனே எடுத்துக் குடுத்துடுச்சா?"

கூச்சப்பட்டு, முந்தின மாத எண்ணையே எழுதிவிட்டேன். நான் விட்டதோ ஏசி எல்லாம் ஓடிய மாதம்! பொய் எண் எழுதவா நான் அம்மனுக்கு விரதம் இருந்தேன்?

அந்த எண்ணை நம்பிப் பிரேக்கரையும் கேபிளையும் சிறியதாக வாங்கினார்கள். அடுத்த கத்திரியில் லோடு தாங்காமல் பிரேக்கர் ட்ரிப் ஆகி, கரண்ட் நின்றுகொண்டே இருந்தது. உண்மையைச் சொல்லாமல், யாரும் இல்லாத நேரத்தில், எவ்வளவு கரண்டில் அது நிற்க வேண்டும் என்ற செட்டிங்கைக் கடைசி வரை ஏற்றினேன். கேபிள் தாங்கவில்லை. மூன்றாம் நாள் தீப்பிடித்தது. அணைக்க ஓடிய ஏழுமலைக்கு வலது கை முழங்கை வரை வெந்தது.

"செட்டிங்க ஏத்துனது நீதானே?" தீயருகே இருந்தவன் அவன் என்பதால், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே முதலாளி ஏழுமலையைத்தான் கேட்டார்.

"நான் தொடவே இல்ல சார். புள்ளைங்க மேல சத்தியம்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

அவன் வேலை போயிற்று. வேறு கம்பெனியும் சேர்க்கவில்லை. ஒரே தெரு... ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வருவான். டீ டம்ளரை இடது கையில் பிடித்துக்கொண்டு சொல்வான்: "ஊரே என்னிய பேசுது. நீ ஒருத்தன்தான்ணா நம்பற. அது போதும்."

சொன்னால், அவனுக்கு மிச்சமிருக்கும் அந்த ஒன்றையும் பிடுங்கியவன் ஆவேன். சொல்லாவிட்டால் பழி அவன் மேல். எந்தப் பக்கம் நான் நகர்வது?

அம்மனிடம் எத்தனையோ முறை அழுதுவிட்டேன். அவளுக்குத்தான் முன்பே தெரியுமே... அவளிடம் சொல்ல என்ன தைரியம் வேண்டும்?

இதைப் பிறரிடம் சொன்னால், உள்ளபடியே சொல்லுங்கள். எனக்காக இரக்கப்பட்டு, "தெரியாமல் செய்தான்" என்று ஒரு வார்த்தை கூடச் சேர்க்காதீர்கள். ஏழுமலை அந்த செட்டிங்கைத் தொடவில்லை.