கடலில் வைத்த பரீட்சை

மாம்பழம், சாவி, ஆட்டோ. எம்.கே.பி. நகரில் நடந்த மருத்துவ முகாமில் ஒரு டாக்டர் இந்த மூன்று வார்த்தைகளையும் ஒரு பெரியவரிடம் சொல்லி, ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு ஊர்க்கதை பேச ஆரம்பித்தார். பெரியவர், தான் வேலை பார்த்த மில்லின் மேஸ்திரிகள் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பொளந்துகட்டினார். ஐந்து நிமிடம் கழித்து டாக்டர், "நான் சொன்ன மூணு வார்த்தை இன்னாங்க ஐயா?" என்று அவர் பாஷையிலேயே கேட்டார். பெரியவர் சிரித்தார். "எப்ப சொன்னீங்கோ?" என்றார்.

நர்சிங் மாணவியாகப் பக்கத்து மேசையில் பி.பி. பார்த்துக்கொண்டிருந்த நான், காற்றடிக்கும் பந்தை அழுத்திக்கொண்டே இருந்தேன். "கை போச்சு! வுடும்மே!" என்று எதிரே இருந்த அம்மா கத்தியபிறகுதான் நிறுத்தினேன். இவ்வளவுதானா சோதனை? ஒரு நாற்காலி, மூன்று வார்த்தை, ஒரு டீ குடிக்கிற நேரம்? எங்கள் ஆட்கள் என் பெரியப்பாவின் ஞாபகத்தைச் சோதிக்க ஒரு லாஞ்சையே கடலுக்கு ஓட்டிப்போனவர்கள். அதை நினைத்ததும் வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. பெரியப்பா காசிமேட்டில் லாஞ்சு டிரைவர். விசைப்படகை நாங்கள் லாஞ்சு என்றுதான் சொல்வோம். அதே லாஞ்சில் அப்பா வலை இழுத்தார். கரையில் இருக்கும் நாட்களில் பெரியப்பாதான் என்னை ஸ்கூலிலிருந்து கூட்டி வருவார். ஒருநாள் என்னை வீட்டில் இறக்கிவிட்டார். திரும்ப வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஸ்கூல் வாசலில் நின்றார். பிள்ளையைத் தொலைத்துவிட்டாயே என்று வாட்ச்மேனின் சட்டையைப் பிடித்திருக்கிறார். வீட்டுக்கு வந்தால், நான் உள்ளே உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருக்கிறேன்.

"இட்டாந்து வுட்டவனே போயி தேடிகினு நிக்கிறியே, மண்டைல இன்னாதான் கீது உனக்கு?" என்று பெரியம்மா கத்தினாள். தெருவே சிரித்தது. சரக்கு ஓவர் என்றார்கள். பெரியப்பா குடிக்கவே மாட்டார். டீயில் இரண்டாவது கரண்டி சர்க்கரைதான் அவர் வாழ்க்கையில் பார்த்த போதை.

அடுத்தது கடலில் நடந்தது. வலை தண்ணீரில் இருப்பதை மறந்து லாஞ்சைப் பின்னால் எடுத்துவிட்டார். வலை போய், தண்ணீருக்குள் சுழலும் இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டது. அப்பாதான் கத்தியோடு கீழே குதித்து, மூச்சடக்கி அறுத்துவிட்டார். மேலே வந்த அப்பாவிடம் பெரியப்பா, "வலைய எவன்டா போட்டான்?" என்று கேட்டாராம். போடச் சொன்னவரே அவர்தான்.

ஓனர், இனி லாஞ்சைக் கொடுக்க முடியாது என்றார். எங்கள் குப்பத்தில் டிரைவராக இருந்தவன் கீழே இறங்கி வலை இழுப்பது, தெருவில் வேட்டியை உருவின மாதிரி. பெரியப்பா சோறே தின்னவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரம். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், அங்கே போகலாம் என்று சொல்லவில்லை. பூசணிக்காய் உடைத்தார்கள். லாஞ்சின் மூக்கில் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். குற்றம் மெஷின் மேல் என்று ஒரு கூட்டம் சொன்னது. வழிகாட்டும் ஜி.பி.எஸ். மெஷின் வந்ததிலிருந்து டிரைவர்களின் மூளை துருப்பிடித்துப்போச்சாம். அந்த வாதத்தைக் கையிலெடுத்தவர் என் அப்பா.

"மெஷின நிறுத்து. எங்கண்ணன் கரைய பாத்தே லாஞ்ச கொண்டாருவான். கொண்டாந்துட்டா வாய மூடிகினு வேலைய குடு" என்றார் ஓனரிடம்.

கரையைப் பார்ப்பது எங்கள் ஆட்களின் பழைய கணக்கு. திருவொற்றியூர் கோபுரம் எண்ணூர் மின்நிலையத்தின் எந்தப் புகைபோக்கிக்கு நேரே நிற்கிறது, அடுத்த புகைபோக்கி எவ்வளவு தள்ளித் தெரிகிறது என்று பார்த்தே, தான் நிற்கும் இடம் எது, கீழே இருப்பது பாறையா சேறா என்று சொல்லிவிடுவார்கள். பெரியப்பா அதை மீசை முளைக்கும் முன்பே கற்றவர்.

மெஷின் மேல் ஓனர் தன் துண்டைப் போட்டு மூடினார். லாஞ்சு போனது. பொம்பளைப் பிள்ளையை ஏற்ற மாட்டார்கள் என்பதால் நான் பெரியம்மாவோடு, லாஞ்சுகளைக் கட்டும் ஜெட்டியில் காத்திருந்தேன். கடலில் நடந்ததை அப்பா பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். "நங்கூரம் போடாத, கீழ பாறை, மாட்டிக்கும்" என்றாராம் பெரியப்பா. கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை இறக்கிப் பார்த்தால் பாறை. சாயங்காலம், நெருக்கியடித்து நின்ற லாஞ்சுகளுக்கு நடுவே, பக்கத்து பெயின்ட் உரசாமல் கொண்டுவந்து சொருகினார்.

ஜெட்டி முழுக்கச் சரவெடி. ஓனர் மாலை போட்டு, "உன் மூளைய இன்ஷூர் பண்ணணும் நைனா!" என்றார். பெரியம்மா அழுதாள். அப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார்.

மாலையோடு எங்களிடம் வந்த பெரியப்பா, என் கன்னத்தைக் கிள்ளிக் கேட்டார்: "இன்னா பாப்பா, ஆருக்குக் கல்யாணம்? பட்டாசெல்லாம் வெடிக்கறாங்க?"

நான் குலுங்கிச் சிரித்தேன். "நக்கல பாரு மனுஷனுக்கு!" என்று அப்பாவும் சிரித்தார்.

அவர் நக்கல் அடிக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. பழைய ஞாபகம் பாறை மாதிரி, அது கடைசியில்தான் அசையும் என்பதும், காலையில் நடந்ததுதான் முதலில் கரையும் என்பதும் தெரியாது. நாற்பது வயதானவர்கள், ஐம்பது வயதானவர்கள், அத்தனை பேருக்கும் தெரியாது. அவருக்கு எது நன்றாகத் தெரியுமோ அதைக் கேட்டு, பாஸ் போட்டு அனுப்பினார்கள்.

பாஸான திமிரில் இன்னும் இரண்டு வருடம் லாஞ்சு ஓட்டினார். ஒருநாள் துறைமுகச் சுவர்க் கற்களில் கொண்டுபோய் மோதினார். கூட வந்தவருக்குக் கால் நசுங்கியது. அப்போதும் குடிகாரன் என்று சொல்லித்தான் விரட்டினார்கள். அதன்பிறகுதான் ஆஸ்பத்திரி. பல வருடமாகக் கட்டுப்படாமல் ஓடிய பி.பி., மூளையின் ரத்தக்குழாய்களில் சின்னச் சின்ன அடைப்பு. முன்பே வந்திருந்தால் முழுக்க நிறுத்தியிருக்க முடியாவிட்டாலும் வேகத்தைக் குறைத்திருக்கலாம் என்றார்கள். சாகும்வரை எண்ணூர்ப் புகைபோக்கிகளை வரிசை மாறாமல் சொன்னார் பெரியப்பா. என் பெயர் மட்டும் வரவில்லை.

இப்போது அதே லாஞ்சுக்கு அப்பாதான் டிரைவர். போன வாரம் அவருக்கு பி.பி. பார்த்தேன், எகிறிக் கிடக்கிறது. மாத்திரை அட்டை பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. சாப்பிடும்போது ஒரே கதையை இரண்டு முறை சொன்னார். டாக்டரிடம் வா என்றால், "எனக்கு இன்னாம்மே? மெஷின மூடிட்டு எண்ணூர்ல இருந்து லாஞ்ச கொண்டாரேன், பாக்கறியா?" என்கிறார். தட்டைத் தூக்கி எறியலாம் போல வந்தது.

மீன்பிடித் தடைக்காலம் வரப்போகிறது. எல்லா லாஞ்சும் கட்டிக் கிடக்கும், எல்லா டிரைவரும் வலை பின்னும் கொட்டகையில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த முகாம் டாக்டரிடம் பேசி வைத்திருக்கிறேன், கொட்டகைக்கே வருகிறார். முதல் நாற்காலி என் அப்பாவுக்கு. தரதரவென்று இழுத்தாவது உட்கார வைப்பேன். பாறையைப் பற்றி, புகைபோக்கியைப் பற்றி யாரும் அவரிடம் வாயைத் திறக்கக் கூடாது. மூன்று வார்த்தைகளை நானே எடுத்து வைத்திருக்கிறேன்: குடை, தாழ்ப்பாள், சீத்தாப்பழம். கரையைப் பார்த்துச் சொல்ல முடியாத மூன்று.