பொருத்தமற்றதை வெட்டிவிடுக

போன வாரம் பிராங்பேர்ட்டில் ஒரு கண் டாக்டரிடம் போயிருந்தேன். ஒரு படிவம் தந்தார்கள். வழக்கமாக மகள்தான் நிரப்புவாள். அன்று கூட வந்திருந்தது என் மனைவி மலர். நானே நிரப்பிக் கொடுத்தேன்.

வரவேற்பில் இருந்த பெண் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

“கர்ப்பமாக இருக்கிறீர்களா?”

எழுபத்தாறு வயதில் என்ன பதில் சொல்வது? இல்லை என்பதால்தானே ‘ஆம்’ என்பதை வெட்டியிருந்தேன்... ஊரில் நான் கண்ட படிவங்களில் ‘பொருத்தமற்றதை வெட்டிவிடுக’ என்றுதான் இருக்கும். இங்கே எதில் புள்ளடி, அதாவது பெருக்கல் குறி, போடுகிறோமோ அதுதான் பதில் என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

சிரிக்க வேண்டிய இடம். ஆனால் எனக்குப் பழைய வாக்குச்சீட்டு ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது.

எங்கள் ஹெஸன் மாநிலத்தில் அரசியலமைப்பைத் திருத்துவதென்றால் மக்களிடம் கேட்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் கேட்டார்கள். பல திருத்தங்கள். அவற்றில் ஒன்று — பெயரளவில் எஞ்சிக் கிடந்த மரண தண்டனையை நீக்கிவிடலாமா என்பது. ‘ஆம்’ என்று ஒரு வட்டம், ‘இல்லை’ என்று ஒரு வட்டம்.

ஜெர்மன் குடியுரிமை கிடைத்தபின் மலருக்கு அதுதான் முதல் வாக்கு. “உயிரை எடுக்கிற சட்டம் பேப்பரிலையும் இருக்கக்கூடாது” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தபாலில் சீட்டு வந்தது. நான் வகுப்பெடுத்தேன். படித்தவன் அல்லவா? கட்சிக்குப் போடுவது வேறு, இது வேறு, ‘இல்லை’யை வெட்டிவிட வேண்டும் என்றேன். நானும் அப்படித்தான் வெட்டியிருந்தேன். அதாவது, ‘இல்லை’க்கே வாக்களித்திருக்கிறேன், தூக்குக் கயிறு இருந்துவிட்டுப் போகட்டும் என்று...

திருத்தம் நிறைவேறிவிட்டது, உண்மைதான். ஆனால் அவளுடைய முதல் வாக்கை அவள் மனதுக்கு எதிராகவே போட வைத்தவன் நான்.

டாக்டரிடமிருந்து திரும்பி வரும்போது ரயிலில் சொல்லிவிட்டேன்.

“மலர், நான் உமக்கு ஒரு பிழை செய்துபோட்டன்.”

முழுவதையும் கேட்டாள்.

“ஆஸ்பத்திரிக் குசினியிலை இருபது வருசம் நிண்டனான். நோயாளி தாளிலை புள்ளடி போட்ட சாப்பாட்டைத்தான் தட்டிலை வைக்கிறது. எனக்குத் தெரியாதோ?”

“அப்ப நீர்...?”

“‘ஆம்’ எண்ட பக்கத்திலைதான் புள்ளடி போட்டனான்.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“உங்கடை கவரை ஒட்டிப்போட்டுத்தானே எனக்குப் படிப்பிக்க வந்தனீங்கள். பிறகென்னத்தைச் சொல்லுறது?”

என் வாக்கை அவள் வாக்கு சரிக்கட்டிவிட்டது. நாற்பது வருடமாக என் சொல் கேளாதவள் — நல்லவேளை.