சொல்லக் கூடாத வேலை

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்கே வேலை பார்த்தீங்க?" என்று டாக்டரம்மா கேட்டபோது என் மாமியார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாம்பரத்தில் இருந்தது டாக்டரம்மாவின் கிளினிக். எனக்கு இரண்டாவது முறையும் கரு கலைந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

"கவர்மெண்ட் லேப்ல, டாக்டர்."

"என்னென்ன கெமிக்கல் கையாண்டீங்க? மூச்சுல போயிருக்கா? கையில பட்டிருக்கா?"

இரண்டும் நடந்திருந்தன. "அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் போலீஸ் இல்லம்மா. உங்களுக்கு வைத்தியம் பார்க்கறவ."

மாமியார் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. வேதியியல் படித்துவிட்டு, கல்யாணத்துக்கு முன் கடலோரத்தில் ஓர் இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ராக்கெட்டுக்கு எரிபொருள் செய்யும் இடம். இன்று அது ஊருக்கே தெரியும். நான் எடைபோட்டுக் கலந்த பொடி என்ன என்பதை இப்போதும் எழுத மாட்டேன். கல்யாணத்துக்காக வேலையை விட்ட அன்று ஓர் அதிகாரி ஒரு தாளை உரக்கப் படித்துக் காட்டினார். பெற்றோரிடம் சொல்லக்கூடாது, கணவனிடம் சொல்லக்கூடாது, ஆயுள் முழுக்க. அந்த வயதில் ஆயுள் என்பது பெரிய விஷயமாகப் படவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு ரயிலேறினேன்.

பஸ் பிடித்துச் செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் மாமியார் கேட்டார்.

"டாக்டர்கிட்டகூட சொல்ல முடியாத வேலை என்ன வேலைம்மா அது? ஊரு விட்டு ஊரு போய், தனியா இருந்து..."

"தப்பான வேலை இல்ல, அத்தை."

"தப்பில்லன்னா வாயைத் திறக்க வேண்டியதுதானே?"

மறுநாளே டாக்டரிடம் மட்டும் பேச அனுமதி கேட்டு என் பழைய மேலதிகாரிக்கு எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை. அதற்குப் பதிலாக ஓர் ஆள் வந்தார். அவரை நான் பார்க்கவில்லை. மாமியாரோடு மளிகைக் கடைக்குப் போனபோது கடைக்காரர்தான் சொன்னார்.

"அக்கா, உன்னப் பத்தி ஒருத்தரு கேட்டுகினு போனாரு. வூட்டுக்கு யாரு வராங்க, நீ யார்கூடப் பேசுறேன்னு. டீசன்டாதான் கீறாரு. இன்னா மேட்டரு?"

கடையில் நின்ற மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். மாமியாரின் முகம் வெளுத்துவிட்டது. அவர் நினைத்தது எனக்குப் புரிந்தது. துவரம்பருப்பைப் பையில் போட்டுக்கொண்டு, மீதிச் சில்லறையை வாங்காமலே கடையை விட்டு இறங்கினேன்.

அந்த ஞாயிறு, சர்ச் முடிந்ததும் கணவர் என்னை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனார். பாரிமுனையில் கிளார்க் வேலை அவருக்கு. அதிர்ந்து பேசத் தெரியாதவர்.

"அந்த ஆளு யாரு?"

"எனக்குத் தெரியாது. ஆனா எதுக்கு வந்தார்னு தெரியும். நான் சொல்லக்கூடாது."

"எவ்வளவு நாளைக்கு?"

"உயிரோட இருக்கற வரைக்கும்."

"இதைக் கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்று மட்டும் கேட்டார். அதன்பின் பல நாட்கள் என்னோடு அவசியமான வார்த்தைகள் மட்டுமே பேசினார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு என் பழைய இலாகாவிலிருந்து, நகரத்தில் ஓர் ஆபீஸுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். கணவரும் வந்தார். அவரை வராந்தாவிலேயே உட்காரச் சொல்லிவிட்டார்கள். உள்ளே இருந்த அதிகாரி, வேறு யாரிடமாவது சொன்னேனா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில், "டாக்டர் விலாசத்தைக் கொடுங்க. நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

எதைப் பார்த்துக்கொள்வார்கள்? என்னால் அந்த நல்ல மனுஷிக்குத் தொல்லை வருமோ என்ற பயத்தில் சில வாரங்கள் சோறு இறங்கவில்லை.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா மாமியாரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஒருத்தர் வந்தார். எனக்குத் தெரிய வேண்டியதைச் சொன்னார். நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

எனக்கு உடம்பெல்லாம் லேசானது போலிருந்தது. "அதனாலதான் கலைஞ்சுதா, டாக்டர்?"

அவர் மருந்துச் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். "உங்ககிட்டகூட அதைப் பத்திப் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா."

அந்தப் பொடியை என் கையால் அள்ளியிருக்கிறேன். அதன் பெயர் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் இருவரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் மருந்து எழுதினார், ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், கொஞ்ச காலம் பொறுக்கச் சொன்னார். வெளியே போய் மாமியாரிடம், "உங்க மருமக மேல ஒரு தப்பும் இல்ல. என்னை நம்புங்க" என்றார். மாமியார் தலையாட்டினார். அதன்பின் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. ஆனால் என்னைத் தனியாக எங்கும் அனுப்பியதும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து மகள் பிறந்தாள். முதல் முறை அவளைக் கையில் வாங்கியதும் கணவர் கை விரல்களை எண்ணினார், பிறகு கால் விரல்களை. எண்ணி முடித்து, என் பக்கம் குனிந்து, அவருடைய அம்மாவுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"இவளுக்குப் பின்னாடி ஏதாவது வியாதி வருமா? அதை மட்டுமாவது சொல்லு."

"தெரியாது" என்றேன். அது உண்மை. அவர் நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.