இருமல் மருந்தும் எட்டுப் புட்டிகளும்

என் கணவரின் அண்ணனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் நான் திருந்திவிடுவேன் என்று யாரும் காத்திருந்து ஏமாற வேண்டாம்.

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் சபைக்குத் திருவிருந்து ஒயின் போட்டுக் கொடுப்பது பதினாறு வருடங்களாக என் வேலை. மார்க்கெட்டில் பன்னீர் திராட்சை வாங்கி, காம்பு ஆய்ந்து, ஈரம் போகத் துடைத்து, சர்க்கரையும் கிராம்பும் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் வேடுகட்டி வைப்பேன். காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன் மரக்கரண்டியால் ஒரு கிளறு. நான் கணக்கு டீச்சர். அந்த ஜாடியின் பக்கத்தில் நிற்கிற ஐந்து நிமிடம்தான் யாரும் என்னிடம் எதுவும் கேட்காத நேரம். மாதத்தின் முதல் ஞாயிறு முந்நூறு பேர் முழந்தாளிட்டு ஒரு வாய் வாங்கும்போது, அது என் கைப்பக்குவம் என்று உள்ளுக்குள் பூரித்துப்போவேன். கோயிலில் பெருமை கூடாதுதான். எனக்கு இருந்தது.

என் கணவரின் அந்த அண்ணனை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றுப் பொழிச்சலூரில் வீடு கட்டியிருக்கிறார். மகள் பிரான்சில். போன வருடம் கோடையில் அங்கே போனவரை அவள் ஒரு பேர்பெற்ற ஒயின் பண்ணைக்குக் கூட்டிப்போனாளாம். முந்நூறு வருடத்துப் பண்ணை, பூமிக்கடியில் தெரு தெருவாக மரப்பீப்பாய்கள், முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் உள்ளே விடுவார்களாம். திரும்பும்போது அத்தான், அவர் மனைவி, விடுமுறைக்கு வந்த மகள், மருமகன் என்று ஆளுக்கு இரண்டாக எட்டுப் புட்டி சிவப்பு ஒயின் வந்து இறங்கியது. அன்றிலிருந்து மனிதர் தரையில் நடக்கவில்லை.

ஆகஸ்டில் அவர் வீட்டில் ஒரு விருந்து. அவருடைய பழைய அதிகாரிகள், எங்கள் போதகர், சபைக் கமிட்டிக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். நான் வழக்கம்போல என் ஒயின் ஒரு புட்டி கொண்டு போனேன். அவர் அதை வாங்கி விருந்தாளிகளிடம் தூக்கிக் காட்டினார்.

"இது எங்க ஃபேமிலியோட இருமல் மருந்து. ரெண்டு ஸ்பூன் குடிச்சா சளி போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார், அதற்கு அவரை அப்புறம் வீட்டில் தனியாகக் கவனித்துக்கொண்டேன். அத்தான் என் புட்டியைத் தண்ணீர்க் கேன் பக்கத்தில் வைத்துவிட்டு, யாரோ பரிசாகக் கொடுத்த வேறொரு பிரெஞ்சு புட்டியை எடுத்துப் பாடம் நடத்தத் தொடங்கினார். கிளாஸின் காலைப் பிடிக்க வேண்டும், சுழற்ற வேண்டும், மூக்கை விட வேண்டும். விமானம் தலைக்கு மேல் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். அந்தப் பண்ணையின் எட்டையும் அவர் தொடவில்லை. அதற்கு வேறு திட்டம் வைத்திருந்தார்.

செப்டம்பர் கமிட்டியில் திட்டம் தெரிந்தது. ஆண்டவருடைய பந்தியில் உலகத்தின் மிகச் சிறந்த திராட்சரசம் இருக்க வேண்டும், இரண்டு மாதத்துக்கு நான் தருகிறேன், பிறகு நல்லதாக வாங்கிக்கொள்ளலாம் என்று அத்தான் சொல்லியிருக்கிறார். யாரும் மறுக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. பதினாறு வருடம் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் முடிந்தது. கீழே நாற்பது பேர் கைகூப்பு போட்டிருந்தார்கள். பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அக்டோபர் முதல் ஞாயிறுக்கு முந்தின நாள் அத்தான் போன் செய்தார். மறுநாள் போதகருக்கு உதவியாகக் கிண்ணம் பிடிக்கப்போவதும் அவர்தான். ஒரு ஆராதனைக்கு எவ்வளவு ஊற்றுவாய் என்று கேட்டார்.

"நாலு புட்டி, அத்தான்," என்றேன்.

அது பொய்யில்லை. என் ஒயினில் நாலு புட்டி ஆகும். இனிப்பு என்பதால் எங்கள் ஜனங்கள் கிண்ணத்தை விடமாட்டார்கள். ஆனால் இனிப்பே இல்லாத ஒயினை அவர்கள் உதட்டில் நனைத்துவிட்டு ஓடுவார்கள் என்று எனக்குத் தெரியும். முதலில் இரண்டை ஊற்றி, குறைந்தால் மறுபடி ஜெபித்து ஊற்றலாம் என்பதும் தெரியும். ஜெபித்த ஒயின் ஒரு சொட்டு மிஞ்சினாலும் கீழே கொட்டக்கூடாது, பந்தி பரிமாறியவர்களே குடித்துத் தீர்க்க வேண்டும், போதகரோ இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதெல்லாம் தெரியும். எதையும் நான் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு நிம்மதியாக இட்லிக்கு மாவு அரைத்தேன்.

மறுநாள் எல்லாம் நினைத்தபடியே நடந்தது. முதல் வரிசையில் வாங்கியவர்கள் வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு எழுந்து வந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் அந்த முகங்களைப் பார்த்தே உதட்டை மூடிக்கொண்டார்கள். என் முறை வந்தது. அத்தான் கிண்ணத்தைச் சாய்த்தார். நான் ஒரு வாய் வாங்கினேன்.

அதன் பிறகு என் இடத்துக்கு எப்படி வந்து உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. அப்படி ஒன்றை நான் வாழ்நாளில் குடித்ததில்லை. முதலில் கசப்பு, பிறகு மழை விட்ட மண், அதற்கப்புறம் பழம். விழுங்கியபின்னும் போகாமல் நின்றது. நாற்பது ஜாடி போட்ட என் நாக்கு பொய் சொல்லாது. அந்த மனிதர் சொன்னது உண்மை. என்னுடையது இருமல் மருந்துதான். அதற்காகவே அவரை இன்னும் அதிகமாக வெறுத்தேன்.

பாதிக்கு மேல் மிஞ்சியது. போதகர் இரண்டு வாய் குடித்துவிட்டு நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். மீதியை அத்தான் ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நின்றபடி, வெறும் வயிற்றில், டையோடு, குடித்துத் தீர்த்தார். பிறகு அறிவிப்பு வாசிக்க மைக்குக்கு வந்தார். கல்யாண அறிக்கையில் மாப்பிள்ளையின் பெயருக்குப் பதிலாகப் பெண்ணின் அப்பா பெயரை வாசித்தார். யாரோ திருத்தியதும் மறுபடியும் அதையே, இன்னும் சத்தமாக வாசித்தார். பிறகு பீடத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். முந்நூறு பேர் சிரித்தார்கள். நான் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தேன்.

நவம்பருக்கு என் ஒயினே வேண்டும் என்று கமிட்டி வீட்டுக்கு வந்து கேட்டது. இரண்டு முறை கேட்க வைத்து ஒப்புக்கொண்டேன்.

டிசம்பரில் ஒரு மாலை அத்தான் மட்டும் வந்தார், கையில் கனமான பை. மீதி நாலு புட்டியும் அதில் இருந்தன. கொடுத்த காபியை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"உன் நாக்கு சரியாச் சொல்லும்மா. அது நெஜமாவே நல்லா இல்லியா? நான்தான் பேரைப் பார்த்து ஏமாந்துட்டேனா?"

ஒரு வார்த்தை போதும், அவருக்கு உயிர் வந்திருக்கும். என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். நானும் அவர் கண்ணைப் பார்த்தே சொன்னேன்.

"சுமார்தான் அத்தான். வெறும் கசப்பு."

தலையை ஆட்டிக்கொண்டார். கேக்குக்குப் பழம் ஊறப்போட வைத்துக்கொள் என்று பையை என் பக்கம் தள்ளினார். கேக்குக்கு நான் ரம்தான் ஊற்றினேன்.

இப்போது பொழிச்சலூர் வீட்டு விருந்துகளில் என் ஒயினைத்தான் ஊற்றுகிறார்கள். அத்தானே எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்கிறாராம். இங்கே சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது, நான் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு அவருடையதை எவர்சில்வர் டம்ளரில் கொஞ்சம் ஊற்றிக்கொள்கிறேன். இன்னும் ஒரு புட்டி பாக்கி இருக்கிறது.