தொண்ணூற்றேழு மில்லிமீட்டர்

அந்தப் பிரதித்தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. பழைய காலத் துவக்கு ஒன்றின் மரக்கட்டை, முழு அளவில் வரைந்தது. அடியில் ஒரு கோடு. அதன்மேல் ‘100 மி.மீ.’ என்று அச்சு. பக்கத்தில் பென்சிலால் 97 என்று எழுதியது நானல்ல, அண்ணை.

அண்ணை என்றால் உறவில்லை. சென்னையிலிருந்து, நான் வாழும் ஐரோப்பிய நகரமான ஓகூஸுக்கு வேலைக்கு வந்த பொறியாளர். என்னைவிட நாலு வயது கூட. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இடித்துச் சுடும் துவக்குகளுக்கென்று இங்கே ஒரு கிளப். அங்கே தமிழ் கதைக்க நாங்கள் இரண்டே பேர். இருவருக்கும் ஒரே பைத்தியம்: வாங்கக் கூடாது, நாங்களே ஒன்று செய்ய வேண்டும். செய்யத்தான் இருவருக்கும் தெரியாது. ஆகவே புத்தகங்கள்.

மூன்று போதும், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு என்று சொல்லும் ஒன்று. அருங்காட்சியகத் துவக்குகளைக் கிட்ட நின்று படம் பிடித்த ஒன்று. முழு அளவு வரைபடங்களோடு ஒன்று. நான் மூன்றையும் ஒரே கிழமையில் விழுங்கினேன். அண்ணை முதல் புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயத்தை விட்டு நகரவில்லை. “மேடம் கிளைமாக்ஸுக்கே போயிட்டீங்க, நான் இன்னும் டைட்டில் கார்டுலயே இருக்கேன்” என்பார்.

பிறகு, அவருடைய வேலை ஒப்பந்தம் நீளாது என்று வந்தது. ஊருக்குப் போகுமுன் தன் கையால் செய்ததில் ஒரேயொரு வெடி. அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. குழலை மரத்தில் அவர் பதித்து முடித்திருந்தார். தீப்பொறி தட்டும் விசைப்பூட்டுக்குக் குழி வெட்டுவது என் பங்கு. நூலகத்தில் வரைபடத்தைப் பெரிய தாளில் பிரதி எடுத்து, கார்பன் வைத்து மரத்தில் கோடு இழுத்தேன்.

“ஸ்கேல் வெச்சுப் பாத்தீங்களா?”

“பாத்தனான் அண்ணை. சரியாத்தான் இருக்கு.”

நான் பார்க்கவில்லை. தாளுக்குள் அடங்கட்டும் என்று இயந்திரம் படத்தைச் சுருக்கியிருந்தது. குழி ஒரு சென்டிமீட்டர் பின்தள்ளி விழுந்தது. நெருப்பு போகவேண்டிய துளை அங்கே மருந்தைத் தொடாது, குழலின் பின்பக்கத்தை அடைக்கும் இரும்பில்தான் முட்டும். வெட்டிய மரம் வெட்டியதுதான். இன்னொரு கட்டை தேடிச் செதுக்க அவருக்கு நாளில்லை.

அண்ணை அந்தக் கோட்டை அளந்தார், 97 என்று எழுதினார், பென்சிலைக் கீழே வைத்தார். “மெஷின் சுருக்கிடுச்சு மேடம். நீங்க என்ன பண்ணுவீங்க.”

ஓம் என்றேன். வேறெதையும்விட அந்த ஓம்தான் என்னை இன்றுவரை களைப்பாக்குகிறது.

அந்த ஒரு வெடியைக் கேட்காமலே அண்ணை ஊருக்குப் போய்விட்டார். போன மாதம் இரண்டாவது கட்டையில் துவக்கை முடித்தேன். தனியாகத்தான். முதல் வெடி பிசகில்லாமல் வெடித்தது. கிளப்பில் கை தட்டினார்கள். எனக்கு எங்காவது ஓரமாய் உட்கார்ந்தால் போதும் போலிருந்தது. காணொளியை அவருக்கு அனுப்பினேன். லெட்பேன் ட்ராமில் வீடு திரும்பும்போது பதில் வந்தது.

“சத்தம் சூப்பர் மேடம். இந்த வாட்டி அளந்தீங்களா?”

அப்படியென்றால் அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு தரிப்பிடம் கடந்தபிறகுதான் எழுத முடிந்தது: “ஓம் அண்ணை. அண்டைக்கு நான் அளக்கேல்லை.”

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை எடுத்து, அளவுகோலை முதல் தடவையாக அந்தக் கோட்டின்மேல் வைத்தேன். தொண்ணூற்றேழுதான்.