பம்பின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர்

பூகோள வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது எங்கள் பட்டறை மோல்டர் சுப்பண்ணன் பள்ளி வாசலில் சைக்கிளோடு நின்றார். கையில் வார்ப்பு மண் அப்படியே இருந்தது. "கண்ணு, பெரியப்பா தவறிட்டாருங்க. பொஸ்தகத்த எடுத்துட்டு வாங்க" என்றார். எந்தப் பெரியப்பா என்று கேட்டேன். எனக்கு ஒரே பெரியப்பாதான்.

அவரும் என் அப்பாவும் சேர்ந்து நடத்திய பம்பு பட்டறையை அவர் படத்துக்கு முன்னால் கூடியிருக்கும் இந்த ஊர்ச் சாயப்பட்டறைக்காரர்கள் நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். பெரியப்பா உட்கார்ந்து பார்த்ததாக உங்களில் யாரும் சொல்ல மாட்டீர்கள். சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்தியபடி லேத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே நடப்பார். "உக்காந்தா காது அடைச்சுக்குதுங்க" என்பார்.

ஒவ்வொரு பம்பையும் சோதனை மேடையில் ஓட்டி, அதன் தலையில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய டம்ளரை வைப்பார். தண்ணீர் நடுங்கினால் பம்பு வெளியே போகாது. சோமனூர்க்காரர் ஒருவர், "ஏனுங்க, நான் பம்பு வாங்க வந்தனா, காப்பி குடிக்க வந்தனா?" என்று கேட்டார். "நடுங்காம இருந்தா ரண்டுந்தானுங்க" என்றார் பெரியப்பா. அன்று காப்பியும் வந்தது.

போன மாதம் எந்தப் பம்பின் மேல் வைத்தாலும் தண்ணீர் நடுங்கியது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். அப்போது ஒரு சாயப்பட்டறையில் பழைய பம்பு நின்றுபோய், துணியெல்லாம் தொட்டியிலேயே கிடந்தது. பெரியப்பா ஊத்துக்குளி போயிருந்த நேரம் பார்த்து அப்பா ஒரு பம்பை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்த பெரியப்பா கத்தவில்லை. "தம்பி, அதுல நம்ம அய்யன் பேர வார்த்திருக்குது" என்றார். எங்கள் எல்லாப் பம்பிலும் தாத்தாவின் பெயர்தான் இருக்கும்.

"நடுக்கம் உங்க டம்ளருக்குத்தானுங்ண்ணா, பம்புக்கில்ல."

அதன்பின் அண்ணனும் தம்பியும் பேசவில்லை. நடுவே தூது நான்தான். பட்டறை இரண்டாகப் பிரிந்துவிடும் என்று அம்மா பயந்தார்.

பெரியப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு மாலை டம்ளரைத் துண்டில் சுற்றிக்கொண்டு அந்தச் சாயப்பட்டறைக்கே போனார். நானும் கூடப் போனேன். அங்கே ஓடிக்கொண்டிருந்த எங்கள் பம்பின் மேல் டம்ளரை வைத்தார். தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பம்பைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு நேரே பட்டறைக்கு வந்து சோதனை மேடைக்கு அடியில் படுத்துப் பார்த்தார். மேடையைத் தரையோடு இறுக்கும் போல்ட்டு தளர்ந்திருந்தது. இத்தனை நாளும் நடுங்கியது மேடை.

அதை இறுக்கிவிட்டு எழுந்து, டம்ளரில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுச் சொன்னார்: "உங்கப்பன் அனுப்புனது நல்ல பம்பு. நாந்தான் மேடையப் பாக்காம உட்டுட்டேன்னு சொல்லிரு கண்ணு."

ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அவரே வந்து சொல்லட்டும்" என்றார். அதையும் பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார். "காத்தால நானே வர்றேன்னு சொல்லு" என்றார்.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக்கு வரச் செருப்பை மாட்டியவர், வாசற்படியில் உட்கார்ந்தாராம். அவர் உட்கார்ந்ததைப் பார்த்ததுமே பெரியம்மாவுக்குப் பயம் வந்துவிட்டதாம்.

டம்ளர் பெரியம்மாவிடம் இருக்கிறது. மேடை அசையாமல் நிற்கிறது. என்னிடம் இருப்பது அவர் சொல்லியனுப்பிய வார்த்தைகள்தாம். இப்போது அப்பாவால் உட்கார முடியவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு நடந்து வந்து, "அன்னைக்கு அண்ணன் என்ன சொன்னாரு கண்ணு?" என்று கேட்கிறார். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொல்கிறேன்.

"இன்னொருக்கா சொல்லு" என்கிறார்.