‘போடாத நாள்ல எவ்வளவு?’ என்று கேட்ட மரகதம் டீச்சர்

காலைப் பலகாரம் முடித்துவிட்டு வாசலில் நடந்துகொண்டிருந்தேன். ரங்கராஜன் சாரிடமிருந்து போன். அவராகப் போன் செய்கிறவர் இல்லை. “டீச்சர், உக்காந்துண்டு கேளுங்கோ” என்றார். நின்றபடியேதான் கேட்டேன். “நம்ம மரகதம் டீச்சர் போயிட்டார். விடியக்காலம் மார் வலிக்கறதுன்னாராம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுடுத்து.” சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். நான் உடனே கிளம்பினேன்.

எடமலைப்பட்டி புதூரில் அவர் வீட்டுக்கு நான் போனபோது தெருவில் ஷாமியானா போட்டு நாற்காலிகள் வந்துவிட்டிருந்தன. உள்ளே மாலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். பின்வரிசையில் ஒரு குரல்: “சுகரை வச்சு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்தாங்கல்ல, இப்ப பாத்தீங்களா? நம்ம காப்ஸ்யூலை ஒழுங்காப் போட்டிருந்தா இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பாங்க.” திரும்பிப் பார்த்தேன். நம் ஓய்வூதியர் சங்கத்து நண்பர்தான். ஆப்பிள் சிடார் வினிகர் காப்ஸ்யூல் விற்கிறவர். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர் பெயரை எழுதப்போவதில்லை. இந்தச் சங்க மலர் அவர் வீட்டுக்கும் போகும். படிக்கட்டும்.

இரங்கல் எழுதித் தரச் சொல்லி மலர்க் குழுவினர் கேட்டபோது, அமைதியாக நாலு நல்ல வார்த்தை எழுதுவதாகத்தான் இருந்தேன். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு முடியவில்லை. அழுவதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மரகதம் டீச்சரை உங்களில் பலருக்குத் தெரியும். மணப்பாறைப் பக்கத்து விவசாயக் குடும்பம். மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல். ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்தச் சோதனை செய்தாலும், பக்கத்தில் வெறும் தண்ணீர் ஊற்றிய சோதனைக் குழாய் ஒன்று நிற்க வேண்டும். ஒருமுறை நான் ஏதோ கையெழுத்துக்காக உள்ளே போயிருந்தேன். ஒரு மாணவி, “இந்தத் தண்ணிக் குழாய் எதுக்கு மிஸ், சும்மாத்தானே நிக்குது?” என்றாள். “அது சும்மா நிக்கிறதுதாம்மா அதோட வேலை. அது இல்லன்னா இந்தக் குழாய்ல நிறம் மாறிச்சுன்னு எதை வச்சுச் சொல்லுவ?” என்றார். கையெழுத்தை மறந்துவிட்டு நான் அந்தத் தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

அந்தத் தண்ணீர்க் குழாயை அவர் பணி ஓய்வோடு விட்டுவிட்டு வரவில்லை.

ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சர்க்கரை நோய் விழிப்புணர்வுக் கூட்டம் என்று நம்மை எல்லாம் அழைத்திருந்தார்கள். வெண்பொங்கல், வடை, காபி எல்லாம் இலவசம். சாப்பிட்ட பிறகு மைக் வந்தது. அந்த வினிகர் காப்ஸ்யூல் புட்டி வந்தது. ஒவ்வொருவராக மேடையேறி, “சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாத்தேங்க, சுகர் ஏறவே இல்ல” என்று சொன்னார்கள். கைதட்டல். மரகதம் டீச்சர் எழுந்தார். மைக் கேட்கவில்லை, அவருக்குத் தேவையும் இல்லை.

“போடாத நாள்ல எவ்வளவு?”

“என்னங்க டீச்சர்?”

“இதைப் போட்ட அன்னைக்கு எவ்வளவுன்னு சொல்லிட்டாங்க. சந்தோஷம். அதே பொங்கலைச் சாப்பிட்டு, இதைப் போடாத அன்னைக்கு எவ்வளவு? அதையும் சொல்லச் சொல்லுங்க.”

மேடையில் இருந்தவர் சிரித்தார். “டீச்சர், எதுக்குமே ஒரு நம்பிக்கை வேணுங்க.”

“நம்பிக்கையைக் கோயில்ல வச்சிருக்கேங்க. இது சுகரு.”

மண்டபம் சிரித்தது. மேடையில் அடுத்த ஆளை அழைத்துவிட்டார்கள். வெளியே வந்ததும் அவர் செய்த முதல் காரியம் அந்தக் காப்ஸ்யூலில் ஒரு புட்டி வாங்கியது. “திட்டிட்டு வந்து வாங்குறீங்களே” என்றேன். “திட்டலையே, கேட்டேன். அவங்க சொல்லலை. நாமதான் பாத்துக்கணும்” என்றார்.

பார்த்தார். தன் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார்; அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தவில்லை. தினமும் அதே அளவு இட்லி, அதே சாம்பார், சாப்பிட்ட பிறகு அதே நாற்காலி, இரண்டு மணி நேரம் கழித்து மிஷினில் சுகர். சில நாள் உண்மையான காப்ஸ்யூல். சில நாள் உள்ளே இருந்த பொடியைக் கொட்டிவிட்ட வெறும் கூடு. எந்த நாள் எது என்று மருமகளுக்கு மட்டும் தெரியும். “நான் கேட்டாலும் சொல்லிடாதம்மா” என்று உத்தரவு. “அத்தை, இப்படிப் பரீட்சை வச்சா எனக்கே பயமா இருக்கு” என்று அந்தப் பெண் சொல்ல, “பரீட்சை எனக்கில்ல, புட்டிக்கு” என்றார். எனக்கும் சர்க்கரை உண்டு என்பதால் நானும் என் வீட்டில் அதேபோல் செய்தேன். என் மகள்தான் கண்காணிப்பாளர்.

கடைசியில் இருவரும் குறித்து வைத்த எண்களைப் பிரித்துப் பார்த்தபோது, பொடி இருந்த நாளையும் வெறும் கூடு போட்ட நாளையும் எங்களால் அடையாளம் காண முடியவில்லை. இரண்டிலும் ஒரே மாதிரி ஏற்ற இறக்கம். அடுத்தபடியாக, காப்ஸ்யூல் எதுவும் இல்லாமல், சாப்பிட்டதும் தெருக்கோடி வரை நடந்துவிட்டு வந்து பார்த்தோம். அதில் மட்டும் இறக்கம் கண்ணுக்குத் தெரிந்தது.

உடனே நான் குதித்தேன். “அப்ப வினிகரே பொய்யா டீச்சர்?” என்னை முறைத்தார். “அப்படிச் சொல்லாதீங்க. சோத்தோட சேத்துக் குடிச்சா கொஞ்சம் குறையுதுன்னு சில பேர் பாத்திருக்காங்க, இருக்கலாம். இந்தப் புட்டி என் உடம்புல ஒண்ணும் செய்யல, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ரெண்டு கிழவிங்க பாத்ததை உலகத்துக்கே சட்டம் ஆக்க முடியுமா?” எதிராளிக்கும் நியாயம் வைத்துப் பேசிய இந்த மனுஷியைத்தான் பின்வரிசைக் குரல் கேலி பேசியது.

இனி ரங்கராஜன் சார் விஷயம். அவரே எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதிக்காரர், நம்மோடு வரலாறு எடுத்தவர். ஒரு வெயில் நாளில் கோயில் பிரகாரத்துக் கல்லில் நடந்து உள்ளங்கால் கொப்பளித்திருக்கிறது. சர்க்கரையால் உணர்ச்சி மரத்திருந்த காலுக்குச் சூடே உறைக்கவில்லை. புண் ஆறவில்லை என்று கேள்விப்பட்டு நானும் மரகதம் டீச்சரும் போனோம். பேச்சுவாக்கில், சர்க்கரை மாத்திரையை நிறுத்திப் பல மாதம் ஆகிறது என்றார். எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“இது இருக்கச்சே அது எதுக்கு?” என்று அதே காப்ஸ்யூல் புட்டியைக் காட்டினார். “பச்சைப் புள்ளி இருக்கான்னு பாத்துதான் வாங்கினேன். சாப்ட்டப்பறம் நானே மிஷின்ல பாக்கறேன். ஏறவே மாட்டேங்கறது.”

“போடாத நாள்ல பாத்தீங்களா சார்?”

“அது எதுக்கு? நான் போட்டுண்டுதான் பாப்பேன். அதுவும் நல்ல நாளாப் பாத்துதான்.”

“நல்ல நாள்னா?”

உள்ளேயிருந்து அவர் மனைவி பத்மா மாமியின் குரல் வந்தது. “வேற எது, ஏகாதசிதான். ஆரம்பிச்சதே ஒரு ஏகாதசி. அன்னியிலேர்ந்து ஏகாதசிக்கு ஏகாதசி விரலைக் குத்திப் பாத்துண்டு, ‘பாத்தியா பத்மா, பாத்தியா பத்மா’ன்னு ஒரே பெருமை. நீங்களாவது கேளுங்கோ, அன்னிக்கு இவர் சாதத்தைக் கண்ணாலயாவது பாத்தாரான்னு. ஒரு டம்ளர் மோரும் கொய்யாக்காய்த் துண்டும்தான்!”

மழை இல்லாத நாளாகப் பார்த்துக் குடையை எடுத்துப் போய்விட்டு, குடையால்தான் மழை வரவில்லை என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரகதம் டீச்சர் சிரிக்கவில்லை. அவர் அந்தக் காலில் சுற்றியிருந்த கட்டுத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், நீங்க சோதிச்சது காப்ஸ்யூலை இல்ல. ஏகாதசியை.”

ரங்கராஜன் சார் முகம் சிவந்தது. “டீச்சர், ஏகாதசியை இதுக்குள்ள இழுக்காதீங்கோ.”

“நான் எங்க இழுத்தேன்? விரதம் இருந்தது நீங்க. சுகரைக் குறைச்சது உங்க விரதம். பெருமை மட்டும் அந்தப் புட்டிக்குப் போகுது. உங்க பெருமாளுக்குச் சேர வேண்டியதை எவனோ ஒரு வியாபாரி எடுத்துட்டுப் போறான். அதுதான் சார் எனக்கு ஆத்திரமா இருக்கு.”

அவர் புட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “துவாதசி அன்னிக்குப் பாக்கறேன்” என்றார். துவாதசியன்று காப்ஸ்யூலைப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல் சாதம் சாப்பிட்டுவிட்டு, எங்களை வைத்துக்கொண்டே விரலைக் குத்திப் பார்த்தார். மிஷினில் வந்த எண்ணைப் பார்த்து மாமி அழுதுவிட்டார். அன்று மாலையே டாக்டரிடம் போனார்கள். இன்னும் சில வாரம் விட்டிருந்தால் பாதத்தையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று டாக்டர் திட்டினாராம். புண் ஆறுவதற்கு வெகு நாளானது. இன்று கைத்தடியோடு நடக்கிறார், ஆனால் சொந்தக் காலில் நடக்கிறார்.

மரகதம் டீச்சர் இதயத்தால் போனார். அவர் அப்பாவும் அண்ணனும் அப்படித்தான் போனார்கள். “எங்க வீட்டுல யாரும் படுத்துக் கிடந்து போறதில்ல” என்று அவரே சொல்வார். சர்க்கரையும் நெடுநாளாக இருந்தது. அதற்கும் இதில் பங்கு இருக்கலாம், நான் மறுக்கவில்லை. தான் சாகமாட்டேன் என்று அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. புட்டியில் அடைத்து விற்கிறவர்கள்தான் அப்படி வாக்குக் கொடுக்கிறார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கும் நம் நண்பர் வந்திருந்தார், பையோடு. சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் டீச்சரின் மகனிடம் மெதுவாக ஆரம்பித்தார். “தம்பி, உங்க குடும்பத்துக்கே இது வர்ற வாகு. அம்மா கேக்கலை, நீங்களாவது ஜாக்கிரதையா இருங்க. இதைப் போட்ட எத்தனையோ பேருக்கு…” நான் எழுவதற்குள், அந்தக் கோடியிலிருந்து தடி தரையில் தட்டும் சத்தம் கேட்டது. ரங்கராஜன் சார். கூட்டத்தில் குரல் உயர்த்தி நான் பார்த்தறியாத மனிதர்.

“ஓய், போடாத நாள்ல எவ்வளவு?”

நண்பர் பையை மூடினார்.

மரகதம் டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்விதான். சாப்பிட்டதும் நடக்கிற வழக்கத்தையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். இனி எந்த மண்டபத்தில் எந்தப் புட்டியைத் தூக்கிக் காட்டினாலும் நம்மில் ஒருவர் எழுந்து நிற்போம். மைக் தரவில்லையென்றாலும் கேட்போம்.